மூக்கை மாற்றும் முன் இதெல்லாம் தெரியுமா?

லண்டன் டாக்டர்களுக்கு மூக்கு செய்யும் வித்தையைக் காட்டியவர் யார் தெரியுமா? புனேவுக்குப் பக்கத்தில், செங்கல் செய்யும் குலத்தில் பிறந்த ஒருவர்! இன்று நம் மலேசியாவில் கெலாங் பாத்தாவிலிருந்து புக்கிட் இண்டாவுக்குக் காரில் போனால் மூக்கு, கண்ணிமை, தாடை என்று கூப்பிடும் கிளினிக் பலகைகள். 1998-இல் திறந்த இரண்டாவது பாலத்தைத் தாண்டினால் துவாஸ். அங்கிருந்து சிங்கப்பூர்க்காரர்கள் இந்தப் பக்கம் சிகிச்சைக்கு வருகிறார்கள், வெள்ளிக் கணக்கில் செலவு குறைகிறதே! 2015-இல் மெடினியில் கிளெனீகல்ஸ் மருத்துவமனையும் திறந்தாகிவிட்டது. போனைத் திறந்தாலோ 'முன், பின்' படங்கள் வரிசையாக வந்து விழுகின்றன. இத்தனைக்கும் மூலக்கதை ஒரு மாட்டுவண்டிக்காரரிடம் போய் நிற்கிறது!

அவர் பெயர் கோவாஸ்ஜி. ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டியவர். 1792 மைசூர்ப் போரில் திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் அறுத்து அனுப்பிவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் மூக்கில்லாமலே திரிந்தார் மனிதர். பிறகுதான் அந்தச் செங்கல் குலத்து வைத்தியரிடம் போனார். பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த தாமஸ் குருசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே என்ற இரண்டு ஆங்கில டாக்டர்கள் பக்கத்திலிருந்தே பார்த்தார்கள். என்ன நடந்தது தெரியுமா?

முதலில் மெழுகில் ஒரு மூக்கு செய்து முகத்தில் வைத்துப் பார்த்தார் வைத்தியர். அந்த மெழுகைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டார். கோட்டின்படி நெற்றித் தோலை உரித்தார். ஆனால் முழுதாகப் பிரித்தெடுக்கவில்லை! இரண்டு புருவங்களுக்கு நடுவில் ஒரு துண்டு மட்டும் ஒட்டியபடியே இருந்தது. அந்தத் தோலைத் திருப்பிக் கீழே இறக்கி, மூக்கு இருந்த இடத்தில் பொருத்தினார். தாய் மரத்தோடு ஒட்டியபடி வேர் பிடிக்கும் வாழைக்கன்றுபோல, புருவ நடுவிலிருந்து வரும் ரத்தத்தில் அந்தத் தோல் உயிரோடு இருந்தது. சுமார் 25-ஆம் நாள், புது இடத்தில் ரத்த ஓட்டம் பிடித்த பிறகு, அந்த இணைப்பை வெட்டிவிட்டார்கள்.

அதைவிட ஆச்சரியம் மருந்து! தோல் சேரும் இடத்தில் தடவியது காசுக்கட்டி. ஆமாம், வெற்றிலை போடுபவர்கள் சேர்த்துக்கொள்ளும் அதே காசுக்கட்டி! தண்ணீரில் குழைத்து, துணிப் பட்டைகளில் பூசி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். நான்கு நாள் கழித்து அதை எடுத்துவிட்டு நெய்யில் தோய்த்த துணி. மூக்குத்துளை மூடிப்போகாமல் இருக்கப் பத்தாம் நாள் வாக்கில் மெல்லிய துணித் திரி. மயக்க மருந்து கண்டுபிடிக்க இன்னும் ஐம்பது வருடம் இருந்த காலம் அது. அந்த வலியை நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது!

1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' பத்திரிகையில் கோவாஸ்ஜியின் படத்தோடு இந்தச் செய்தி வந்தது. ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் டாக்டருக்கு அந்த வித்தை மனதில் பதிந்துவிட்டது. பிணங்களில் செய்து பழகினார். 1814 அக்டோபர் 23-ஆம் தேதி ஒரு ராணுவ அதிகாரிக்குச் செய்தும் காட்டினார். 1816-இல் புத்தகமாக எழுதினார். அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. மருத்துவ நூல்களில் இன்றும் இதற்குப் பெயர் 'இந்திய முறை'. தோல் புற்றுநோயால் மூக்கை இழந்தவர்களுக்கு இன்றைக்கும் நெற்றித் தோலிலிருந்து மூக்கு செய்கிறார்கள். இருநூறு வருடம் தாண்டியும் நெற்றியை மிஞ்ச வேறு இடம் கிடைக்கவில்லை. நிறமும் தடிமனும் மூக்குத் தோலோடு அவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன! உலகம் முழுக்கப் பெயர் போன அந்த வித்தையைச் செய்து காட்டியவரின் பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு இது ஆறவே ஆறாத வருத்தம்.

கோவாஸ்ஜியின் காலத்துக்கும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தையது என்று பலரும் கணிக்கும் சுஸ்ருத சம்ஹிதை என்ற மருத்துவ நூலில், இலையை மூக்களவு வெட்டி, கன்னத் தோலில் வைத்து அளவெடுக்கும் முறை இருக்கிறது. மூச்சு விடுவதற்குத் துளைகளில் இரண்டு குழாய் வைக்கவும் சொல்கிறது! அறுந்த காதுமடலைச் சேர்க்க மட்டும் பதினைந்து முறைகள். காதுக்கு ஏன் இவ்வளவு? காது குத்தி, துளையைப் பெரிதாக்கி, கனமான நகை போட்ட நாடு அல்லவா!

இந்த இடத்தில் நம் பாட்டிமாரைச் சொல்லியே ஆக வேண்டும். தென்பாண்டிச் சீமையிலிருந்து இங்கே தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் பழைய படங்களைப் பாருங்கள். தோளைத் தொடும் வடித்த காது, அதில் பாம்படமோ தண்டட்டியோ ஆடும். அன்று அதுதான் அழகு, அதுதான் கௌரவம். வடிக்காத காதோடு பெண் கட்டிக்கொடுக்கக் கூசினார்கள். பிறகு காலம் மாறியது. கம்மலும் தோடும் வந்தன. தொங்கிய காதை அறுத்துத் தைத்துக்கொள்ளப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். யோசித்துப் பாருங்கள், பிளாஸ்டிக் சர்ஜரி என்ற சொல்லையே கேள்விப்படாத நம் கிராமத்துப் பெண்கள் அழகுக்காகக் கத்தியின் கீழ் காதைக் கொடுத்தவர்கள்! கடலுக்கு அந்தப் பக்கம், நம் மலேசியாவின் சரவாக்கிலும் இதே கதைதான். கென்யா, காயான் இனப் பெண்கள் பித்தளை வளையம் போட்டுக் காதை நீட்டினார்கள். அவர்களிலும் பலர் பின்னாளில் அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். ஒரே ஆயுளில், ஒரே காதில், இரண்டு அழகு! எது லட்சணம் என்பது ஒரு தலைமுறைக்குள் தலைகீழாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இன்று திரையில் பார்க்கும் கூர்மூக்கை நிரந்தரமாகச் செய்துகொள்ள நினைப்பவர்கள் பாம்படத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கொல்லிமலையில் பிறந்த ஒரு வெள்ளைக்காரர் தொழுநோயாளிகளுக்குப் புருவம் வைத்தது தெரியுமா? பெயர் பால் பிராண்ட், 1914-இல் பிறந்தவர். 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு டாக்டராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்குப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து இறுக்கச் சொன்னார். வலிக்கும் அளவுக்கு இறுக்கிவிட்டார் அந்த மனிதர்! அப்படியானால் சில தசைகள் இன்னும் பலமாகத்தானே இருக்கின்றன? அந்த ஒரு கைப்பிடியிலிருந்து பிறந்ததுதான் வேலை செய்யும் தசைநாரை எடுத்து வேலை நின்றுபோன விரலுக்கு மாற்றும் அவருடைய சிகிச்சை. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. நோயும் குணமாகி, கையும் சரியாகி ஊருக்குப் போனவர்கள் மீண்டும் திரும்பி வந்தார்கள். ஏன் தெரியுமா? புருவம் உதிர்ந்து, மூக்கு அமுங்கிய முகத்தைப் பார்த்து யாரும் வேலை தரவில்லை. ஆகவே தலைமுடியோடு கூடிய தோலை ரத்தக்குழாயோடு நகர்த்திப் புருவம் செய்தார்கள், அமுங்கிய மூக்கையும் தூக்கினார்கள்.

சொல்லுங்கள், அந்தப் புருவம் அழகுக்கா, பிழைப்புக்கா? 'முகத்தில் கைவைப்பதெல்லாம் ஆடம்பரம்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுபவர்களுக்கு நான் எப்போதும் இந்த வேலூர்க் கதையைத்தான் சொல்வேன்.

இப்போது நம் நாட்டுக்கு வாருங்கள்! 2000 மே மாதம், சிலாங்கூரின் செலாயாங் மருத்துவமனை. பிறந்து ஒரு மாதமே ஆன பெண் குழந்தை, ஒரு கை சரியாக வளராமல் பிறந்தவள். அவளுடைய இரட்டைச் சகோதரி உயிர் பிழைக்க முடியாத நிலையில் இறந்துபோனாள். அந்தச் சகோதரியின் கையை இந்தக் குழந்தைக்குப் பொருத்தினார்கள்! குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் வி. பத்மநாதன், நம் தமிழர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்பதால் உடல் அந்தக் கையை அந்நியமாக நினைக்கவில்லை. வேறு யாருடைய கையைப் பொருத்தினாலும் உடல் அதை எதிர்க்காமலிருக்க ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும். இங்கே அது தேவைப்படவில்லை. உலகமே திரும்பிப் பார்த்த அந்தச் செய்தி நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்?

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை, மின்சாரம் தாக்கி இரண்டு கைகளையும் இழந்த ஒரு திண்டுக்கல் கட்டடத் தொழிலாளிக்கு இரண்டு கைகளையும் பொருத்தியது. தமிழ்நாட்டிலேயே அதுதான் முதல்முறை! கொச்சி அம்ரிதா மருத்துவமனையில் 2017-இல் நடந்ததோ இன்னும் வியப்பு. டாக்டர் சுப்பிரமணிய அய்யரின் குழு ஒரு கல்லூரி மாணவிக்கு ஓர் இளைஞரின் கைகளைப் பொருத்தியது. கைகள் அவளுடைய நிறத்தைவிடக் கறுப்பு. வருடங்கள் போகப் போக அந்தக் கைகளின் நிறம் மாறி, அவளுடைய சொந்த நிறத்துக்கே நெருங்கி வந்துவிட்டது! இத்தகைய சிகிச்சைகளுக்கென்று ஒரு தினமும் உண்டு: கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜா சபாபதி முன்வைத்ததன் பேரில்தான் 2011 முதல் இந்தியாவில் ஜூலை 15 பிளாஸ்டிக் சர்ஜரி தினமானது.

ஏ.ஆர். ரஹ்மான் ஆஸ்கர் மேடையில் தமிழில் பேசிய 2009 பிப்ரவரி இரவு நினைவிருக்கிறதா? அதே மேடையில் அதே இரவு, பிளவுபட்ட உதட்டோடு பிறந்த ஓர் உத்தரப்பிரதேசக் கிராமத்துச் சிறுமியைப் பற்றிய 'ஸ்மைல் பிங்கி' சிறந்த குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கரை வென்றது. அந்த உதட்டைத் தைத்ததும் பிளாஸ்டிக் சர்ஜரிதான். வாரணாசியில், இலவசமாக!

சரி, இன்றைய கணக்கு? பன்னாட்டு அழகு அறுவைச் சிகிச்சை நிபுணர் சங்கத்தின் 2024 கணக்குப்படி உலகம் முழுக்க அந்த ஒரு வருடத்தில் சுமார் 38 மில்லியன் அழகு சிகிச்சைகள். அதில் கத்தி பட்டவை சுமார் 17 மில்லியன், மிச்சமெல்லாம் ஊசியும் லேசரும். வருடக்கணக்காக முன்னே ஓடிக்கொண்டிருந்த கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சையைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணிமை அறுவைச் சிகிச்சை முதலிடத்துக்கு வந்துவிட்டது!

சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் ஊசி கெட்டுப்போன இறைச்சியில் பிறந்தது தெரியுமா? 1820-களில் ஜெர்மனியின் யூஸ்டினஸ் கெர்னர் என்ற டாக்டர், தொத்திறைச்சி சாப்பிட்டு இறந்தவர்களை ஆராய்ந்து, தசைகளை முடக்கும் அந்த நஞ்சைப் பற்றி எழுதினார். இந்த நஞ்சே ஒரு நாள் மருந்தாகும் என்றும் கணித்தார். அப்படியே நடந்தது! மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் ஊசியாக வந்தது. கனடாவின் வான்கூவரில் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டவரின் நெற்றிச் சுருக்கம் மறைந்ததைக் கண் டாக்டர் ஜீன் கருத்தர்ஸும் அவர் கணவரான தோல் டாக்டரும் கவனித்தார்கள். 2002-இல் அமெரிக்கா அதை அழகுக்கும் அனுமதித்தது. மூன்று நான்கு மாதத்தில் அதன் வேலை முடிந்துவிடும், மறுபடி போட வேண்டும். விலை கேட்கும்போது ஒரு ஊசியின் விலையைக் கேட்காதீர்கள். ஒரு வருடத்துக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள்!

சிலிக்கோன் மார்பகம் முதன்முதலில் வைத்துக்கொண்ட பெண் அதைக் கேட்டுப் போகவே இல்லை! 1962, அமெரிக்காவின் ஹூஸ்டன். பச்சை குத்தியதை அழிக்கப் போன ஒரு தாயிடம் டாக்டர்கள் இந்தப் புதுச் சோதனைக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். அவருக்கு உண்மையில் உறுத்திக்கொண்டிருந்தது தன் துருத்திய காது. காதைச் சரிசெய்து தருவதாக இருந்தால் சரி என்றாராம்! இந்தக் கதையை நான் வெறும் வியப்புக்காகச் சொல்லவில்லை. ஒரு குறைக்காக உள்ளே போகிறவர் வேறொன்றோடு வெளியே வருவது இன்றும் நடக்கிறது. பருவைக் காட்டப் போனவருக்குத் தாடையில் ஃபில்லர் என்ற நிரப்பும் ஊசி போடச் சொல்கிறார்கள். தள்ளுபடியில் 'மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்கிறார்கள். உங்களுக்கு எது உறுத்துகிறது என்று வீட்டிலேயே ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அதில் இல்லாததை அன்றைக்கே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உங்கள் போன் உங்கள் மூக்கைப் பற்றிப் பொய் சொல்கிறது தெரியுமா? 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 30 சென்டிமீட்டர் தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுக்கும் படத்தைவிட மூக்கு சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரிகிறது! லென்சுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான் விஷயம். செல்ஃபியைக் காட்டி "டாக்டர், இதைச் சின்னதாக்குங்கள்" என்பவர்கள் இருக்கிறார்கள். இல்லாத அகலத்துக்கு எலும்பை உடைப்பதா? தங்கையை ஐந்தடி தள்ளி நின்று உங்களை ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

கல்யாண வீட்டில் "பொண்ணு மூக்கும் முழியுமா இருக்கா" என்று ஒருத்தியைப் புகழ்ந்த கையோடு, "உனக்கு மூக்கு மட்டும் கொஞ்சம் எடுப்பா இருந்திருந்தா..." என்று இன்னொருத்தியிடம் இழுக்கும் அத்தைமார் நம் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு வரி எத்தனை வருடம் காதில் ஒலிக்கும்! நூற்றில் இரண்டு பேர் அளவுக்கு ஒரு மனநோய் இருக்கிறது. மற்றவர் கண்ணுக்கே படாத ஒரு குறையை நாள் முழுக்கக் கண்ணாடியில் பார்த்து வாடும் நோய் அது. இவர்களுக்கு அறுவைச் சிகிச்சை அநேகமாக நிம்மதி தருவதில்லை. ஒன்று முடிந்தால் மனம் அடுத்ததைப் பிடித்துக்கொள்கிறது. நல்ல டாக்டர் இதைக் கண்டுபிடித்துக் கத்தியை எடுக்க மறுப்பார், மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அப்படி மறுத்தவர் மேல் கோபப்படாதீர்கள்.

நம் தோலுக்கென்று ஒரு சங்கதி உண்டு. கறுத்த தோலில் தழும்பு தடித்து, வெட்டிய எல்லையையும் தாண்டி வளரும் கெலாய்டு அதிகம் வரும். காது குத்திய இடத்தில் உருண்டையாகத் திரண்டவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். உங்களுக்கோ உங்கள் அம்மா, மாமா யாருக்கேனுமோ அப்படி வந்திருந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். கொரியப் பெண்ணின் தோலில் மறைந்த கோடு நம் தோலில் மறையும் என்று விளம்பரப் படத்தை நம்பி முடிவெடுக்க முடியாது. லேசரும் அப்படித்தான். அளவு மிஞ்சினால் நம் தோலில் கறுப்புத் திட்டு விழும்.

இதை எல்லாரும் கேளுங்கள்: தோலை வெள்ளையாக்கும் ஊசி என்று மலேசியாவில் ஒரு மருந்துகூடப் பதிவு பெறவில்லை! ஒன்றுகூட இல்லை! குளுத்தாதயோன் என்று சொல்லி நரம்பில் ஏற்றுகிறார்களே, அதுவும் அதற்காகப் பதிவானது அல்ல. நம் நிறத்தைக் குறையென்று சொல்லி விற்கும் ஊசி அது. எனக்கு அதில் மன்னிப்பே கிடையாது.

2020 அக்டோபரில் கோலாலம்பூர் செராஸில், ஓர் அழகு நிலையத்தில் கைக்கொழுப்பை உறிஞ்சப் போன 23 வயதுப் பெண் இறந்துபோனாள். அது மருத்துவமனை அல்ல, கிளினிக்கும் அல்ல. கொழுப்பை எடுத்துப் பின்புறத்தில் ஏற்றும் சிகிச்சைக்கு 2017-இல் நிபுணர் குழு ஒன்று கணித்த மரண விகிதம் 3,000-த்தில் ஒன்று! தசைக்குள் ஆழமாக ஏற்றிய கொழுப்பு பெரிய ரத்தக்குழாயில் புகுந்து நுரையீரலை அடைத்ததுதான் காரணம். உதட்டிலும் மூக்கிலும் போடும் ஃபில்லர் தவறிப்போய் ரத்தக்குழாயில் ஏறினால் கண்பார்வையே போகலாம். அந்த நொடியில் கரைக்கும் மருந்தைக் கையில் வைத்திருப்பவரா ஊசி போடுகிறார் என்பதுதான் கேள்வி. மாடி அறையிலும் ஹோட்டல் அறையிலும் ஊசி போடுபவரிடம் அது இருக்குமா?

தகுதியான டாக்டரைக் கண்டுபிடிக்கும் வழி எளிதுதான், தெரியுமா? மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் டாக்டரின் பெயரை இணையத்தில் காசில்லாமல் தேடலாம். நிபுணர் என்றால் தேசிய நிபுணர் பதிவேட்டிலும் இருப்பார். அழகு சிகிச்சை செய்யும் பொது மருத்துவர் என்றால் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. என்ற தனி அனுமதிக் கடிதம் வைத்திருக்க வேண்டும், காட்டச் சொல்லலாம், கூச்சமே வேண்டாம். கத்தி வேலை அறுவைச் சிகிச்சை நிபுணருக்கு மட்டும். அழகு நிலையத்தில் ஊசி எடுத்தாலே எழுந்து வந்துவிடுங்கள். பதிவில்லாமல் கிளினிக் நடத்துபவருக்கு 300,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு.

புகை பிடிப்பவர்களே, நான்கு வாரமாவது முன்பே நிறுத்துங்கள். நிக்கோட்டின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கும், தைத்த தோல் கறுத்துச் செத்தே போகலாம். சிங்கப்பூரிலிருந்தோ இங்கிருந்து ஹாட்யாய், சியோல் என்றோ போய்ச் செய்துகொள்பவர்கள் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் ராத்திரி காய்ச்சல் அடித்தால் யாரைக் கூப்பிடுவது? பாலத்தில் இரண்டு மணி நேர நெரிசலோ விமானமோ நடுவில் இருந்தால் பதில் இப்போதே தெரிய வேண்டும்.

மூக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீக்கம் முழுதாக இறங்க எவ்வளவு காலம் ஆகும் தெரியுமா? பெரும்பகுதி சில வாரங்களில் போய்விடும். நுனியில் மிச்சம் இருப்பது வற்றி, உண்மையான வடிவம் தெரிய ஏறக்குறைய ஒரு வருடம்! நம் தடித்த தோலில் இன்னும் கொஞ்சம் கூடவே ஆகலாம். தை மாதம் முகூர்த்தம் வைத்துவிட்டு ஐப்பசியில் போய் மூக்கைத் திருத்திக்கொண்டால், மணமேடைப் படத்தில் விழுவது பாதி வீங்கிய மூக்குதான். செய்தே தீர்வது என்று முடிவெடுத்திருந்தால், போன தீபாவளிக்கே போயிருக்க வேண்டும்!